கொளுத்தக் கொடி எங்கே கிடைக்கும்?

தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டுத் தெருவில் வேறு ஏதோ ஒரு நாட்டின் கொடி எரிகிறது. பார்ப்பவர்களில் சிலருக்குக் கோபம் வரும். சிலருக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வரும். எனக்கு வருவது கடைக்காரனின் கேள்விதான். இந்தக் கொடியை எங்கே வாங்கினார்கள்? யார் காசு கொடுத்தது?

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டென்மார்க் கொடி கேட்டுப் பாருங்கள். கட்சிக் கொடி என்றால் எந்தக் கட்சிக்கும் கஜக்கணக்கில் கிடைக்கும். கோயில் திருவிழாக் கொடியும் கிடைக்கும். டென்மார்க் என்றால் கடைக்காரர், ‘அது பிஸ்கட்டு டப்பா இல்லையா சார்?’ என்பார். தரங்கம்பாடியில் 1620-இலிருந்து 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் இறக்கிவைத்திருந்த சில வருஷங்கள் போக, பறந்தது அந்தக் கொடிதான். இத்தனை உறவு இருந்தும் நமக்கே இந்த நிலைமை. அப்படியானால் 2006-இல் காஸாவில் இருந்தவர்களுக்கு டென்மார்க் கொடி எப்படிக் கிடைத்தது?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமான விஷயம்.

2005 செப்டம்பரில் டென்மார்க்கின் யூலாண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. சில மாதம் உள்ளூரில் புகைந்து, 2006 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. காஸா நகரில் கொடி விற்கும் கடை ஒன்று இருந்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் அந்தப் படங்களை மறுபடி அச்சிடுகின்றன என்று கேள்விப்பட்டதும், வாடிக்கையாளர்கள் அடுத்து என்ன கேட்டு வருவார்கள் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. டென்மார்க், நார்வே கொடிகளாக நூறு வரவழைத்துவிட்டார். ராய்ட்டர் நிறுவனம் அதைச் செய்தியாக்கியது. அவருக்கு அதில் அரசியல் கிடையாது, வியாபாரம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சிவகாசிக்கு ஆர்டர் கொடுக்கிறவரை நாம் தேசத் துரோகி என்போமா?

ஆத்திரத்துக்கும் சரக்குப் போக்குவரத்து வேண்டியிருக்கிறது. கூட்டம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு முந்தைய வாரமே யாரோ ஒருவர் நிதானமாக உட்கார்ந்து அளவு சொல்லி, விலை பேசி, முன்பணம் அனுப்பியிருக்கிறார். அவருடைய பொறுமையை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்தப் பொறுமை தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்த இடம் ஈரான். தெஹ்ரானுக்குத் தென்மேற்கில் கொமெய்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆயத்துல்லா கொமெய்னி பிறந்த ஊர் அது. அங்கே ‘தீபா பர்ச்சம்’ என்றொரு கொடித் தொழிற்சாலை. அமெரிக்க, இஸ்ரேல், பிரிட்டிஷ் கொடிகளை அங்கே இளைஞர்களும் பெண்களும் கையால் அச்சடித்து, கொடிகட்டிக் காயப்போடுகிறார்கள். 2020 ஜனவரியில், தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்ற பிறகு, ராய்ட்டர் செய்தியாளர்கள் அங்கே போனார்கள். வேலை மும்முரமான மாதங்களில் அமெரிக்க, இஸ்ரேல் கொடிகள் மட்டும் 2,000 வரை தயாராகும் என்றும், எல்லாக் கொடிகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு 15 லட்சம் சதுர அடித் துணிக்கு மேல் என்றும் கணக்குச் சொன்னார்கள். தரக் கட்டுப்பாட்டுக்குத் தனியாக ஒரு மேலாளர் உண்டு.

அந்த மேலாளர்மேல் எனக்குத் தனிப் பிரியம். எரிக்கப்போகிற கொடியில் ஐம்பது நட்சத்திரமும் இருக்கிறதா, பதின்மூன்று பட்டையும் நேராக விழுந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர். அமெரிக்காவிலேயே எத்தனை பேருக்கு அத்தனை கவனம் இருக்கும்? வெயிலில் சாயம் போகுமா, மழையில் நனைந்தால் சுருங்குமா என்ற கவலையெல்லாம் இந்தத் தொழிலில் கிடையாது. வாங்கிப் போனவர் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து குறை சொன்னதாகச் சரித்திரமே இருக்காது.

ஆனால் அதே ஜனவரியில் அதே ஈரானில் இன்னொரு காட்சியும் நடந்தது. உக்ரைன் பயணி விமானத்தைத் தங்கள் படையே சுட்டு வீழ்த்திவிட்டதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. 176 பேர் செத்துப்போயிருந்தார்கள். தெஹ்ரானில் ஷஹீத் பெஹெஷ்தி பல்கலைக்கழக வளாகத்தில், போகிறவர் வருகிறவர் மிதிக்கட்டும் என்றே தரையில் அமெரிக்க, இஸ்ரேல் கொடிகளைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். மாணவர் கூட்டம் அந்த இரண்டு கொடிகளிலும் கால் படாமல் இருபக்கமும் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தது. படம் உலகம் முழுக்கப் போனது. அவர்களுக்கு அமெரிக்கா மேல் காதல் என்று சிலர் அர்த்தம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரை வெறுக்க வேண்டும் என்று எங்களுக்குப் பெயின்ட் அடித்துக் காட்டாதே என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அப்படிச் சொல்ல அந்த ஊரில் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2018 மே மாதம் ஈரான் நாடாளுமன்றத்துக்குள்ளேயே உறுப்பினர்கள் சிலர் அமெரிக்கக் கொடி அச்சிட்ட காகிதத்தைக் கொளுத்தினார்கள். டிரம்ப் அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து விலகிய மறுநாள். அதற்குத் துணிச்சல் எதுவும் தேவைப்படவில்லை. தீப்பெட்டி போதுமானதாக இருந்தது.

கொடி எரிப்பைப் பார்த்து எப்போது சிரிக்கலாம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். எரிக்கிறவருக்கு அதனால் என்ன ஆபத்து? போலீஸ் காவல் நிற்க, அரசு வண்டியில் ஆளைக் கூட்டிவந்து, அரசு அச்சடித்த கொடியைக் கொளுத்தினால் தாராளமாகச் சிரிக்கலாம். மறுநாள் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று தெரிந்தே ஒருவர் செய்தால், அவரோடு உடன்படாவிட்டாலும் அங்கே சிரிக்க எதுவும் இல்லை.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தித் துணி நல்லபடியாக எரியும், சாம்பலாகும். இப்போது சந்தையில் கிடைக்கும் கொடிகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர் அல்லது நைலான். அவை எரிவதற்கு முன் உருகும். 250 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் பாகாகிச் சொட்டும், சொட்டுவது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால்தான் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். ஊற்றியவர் கையிலும் மண்ணெண்ணெய் இருக்கிறது என்பது தீக்குச்சி உரசிய பிறகுதான் நினைவுக்கு வரும். உலகத்தின் கொடி எரிப்புக் காணொளிகளில் பாதிக்குப் பாதி கடைசியில் யாரோ ஒருவர் தன் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு ஓடுவதில்தான் முடிகின்றன என்று நான் சொன்னால் மிகைதான். இருந்தாலும் நீங்களும் சில பார்த்திருப்பீர்கள்.

நைலானில் நைட்ரஜன் உண்டு. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். 2012 செப்டம்பரில், ஒரு மட்டமான அமெரிக்கத் திரைப்படத் துணுக்கை எதிர்த்து லாகூரில் ஊர்வலம் நடந்தது. கலந்துகொண்டவர் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். எரிந்த அமெரிக்கக் கொடிகளின் புகையால் உடம்பு என்னவோ செய்கிறது என்று அவர் சொன்னதாக அருகில் இருந்தவர்கள் சொன்னார்கள் என்று பாகிஸ்தான் பத்திரிகையில் ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை வைத்து உலகமே கைகொட்டிச் சிரித்தது. நானும் படித்த உடனே சிரித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கொடியை வாங்கியவர், வரவழைத்தவர், மேடையில் பேசியவர் எவரும் புகைக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார். கூட்டத்தோடு போன ஆள்தான் நின்றிருப்பார். கறுப்பு நகைச்சுவை என்றால் சாவைப் பார்த்துச் சிரிப்பதுதான், ஒப்புக்கொள்கிறேன். யாருடைய சாவு என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

கொடி கிடைத்தது, பற்றியும் விட்டது. சரியான கொடிதானா என்பது அடுத்த சிக்கல். நெதர்லாந்துக் கொடியில் மேலிருந்து கீழே சிவப்பு, வெள்ளை, நீலம். அதை வலதுபக்கமாகக் கால் சுற்று திருப்பினால் பிரான்ஸ். 2017 மார்ச்சில் துருக்கி அமைச்சர்களைத் தன் மண்ணில் பிரச்சாரம் செய்ய விடமாட்டேன் என்று நெதர்லாந்து தடுத்தது. துருக்கியில் கொந்தளிப்பு. எங்கோ ஓரிடத்தில் பிரெஞ்சுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நெதர்லாந்தைத் திட்டினார்கள் என்று செய்தி வந்தது. இன்னொரு நகரத்தில் ஆளும் கட்சி இளைஞர்கள் ஆரஞ்சுப் பழங்களைக் கத்தியால் குத்தினார்கள். நெதர்லாந்து அரச குடும்பத்தின் நிறம் ஆரஞ்சு, அதனால். குத்திவிட்டுச் சாறு பிழிந்து குடித்தும் காட்டினார்கள். துருக்கியின் இறைச்சி உற்பத்தியாளர் சங்கம் நாற்பது ஹோல்ஸ்டீன் மாடுகளை நெதர்லாந்துக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தது. மாடுகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அதே துருக்கியில் 2015 கோடையில், சீனாவில் உய்குர் மக்கள் படும் பாட்டைக் கண்டித்துச் சீனக் கொடிகளைக் கொளுத்தினார்கள். கண்டிக்க வேண்டிய விஷயம்தான். கொளுத்தியதோடு நில்லாமல் இஸ்தான்புல்லில் ஒரு சீன உணவகத்தின் கண்ணாடிகளையும் உடைத்தார்கள். முதலாளி துருக்கியர். சமையல்காரர் உய்குர். யாருக்காகக் கல்லெடுத்தார்களோ அவருடைய பிழைப்பிலேயே கல் விழுந்தது.

2006-இல் டமாஸ்கஸில் இதற்கும் மேல். டென்மார்க் தூதரகம் என்று கூட்டம் தீ வைத்த கட்டடத்தில்தான் சுவீடன் தூதரகமும் சிலி தூதரகமும் இருந்தன. சுவீடனையாவது பக்கத்து நாடு என்று சொல்லிச் சமாளிக்கலாம். கேலிச்சித்திரத்துக்கும் சிலிக்கும் என்ன சம்பந்தம்? ஒரே கட்டடத்தில் வாடகைக்கு இருந்த சம்பந்தம்.

வெளிநாட்டுக்காரரை மட்டும் சொல்வானேன். 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் அசன்சோலில் பாஜகவினர் சீனத் தலைவரின் உருவபொம்மையைக் கொளுத்தப் போய், வடகொரியாவின் கிம் ஜோங் உன் படத்தைக் கொளுத்தினார்கள். மைக் பிடித்தவர் அவரைச் சீனப் பிரதமர் என்றே சொன்னார். நம்மூர் உருவபொம்மை எரிப்பில் இந்தக் குழப்பம் வராது. நமக்கு ஆள் அடையாளம் நன்றாகத் தெரியும். நேரமெல்லாம் பொம்மையைப் போலீஸ்காரர் ஒரு பக்கமும் கட்சிக்காரர் ஒரு பக்கமும் இழுப்பதில் போய்விடும். போட்டோகிராபர் வந்து சேரும் வரை யாரும் தீக்குச்சி உரச மாட்டார்கள். வந்த பிறகு பார்த்தால் பொம்மையில் வைக்கோல்தான் பாக்கி இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்கள். டென்மார்க்கிலிருந்தே தொடங்குவோம். அந்த நாட்டில் வெளிநாட்டுக் கொடியை அவமதிக்கும் விதமாக எரித்தால் குற்றம். டென்மார்க் கொடியை எரித்தால் குற்றமில்லை. பிறத்தியார் கொடியைத் தொட்டால் வெளியுறவு கெடும், நம் கொடியை நாமே எரித்தால் நமக்குள்தானே என்பது கணக்கு. காஸாக்காரர்கள் அத்தனை பாடுபட்டு வரவழைத்து எரித்ததை, கோபன்ஹேகன் நடுத்தெருவில் நின்று சட்டப்படியே எரித்திருக்கலாம்.

அமெரிக்கக் கதைதான் வளமானது. 1984-இல் டாலஸ் நகரில் ரீகனை மறுபடி வேட்பாளராக்கும் மாநாடு. கிரிகரி லீ ஜான்சன் என்ற இளைஞர் நகர மன்றத்துக்கு முன்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடியைக் கொளுத்தினார். கொடி எங்கே கிடைத்தது என்ற என் கேள்விக்கு இங்கே தெளிவான பதில் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது: கூட வந்தவர் ஒரு கட்டடத்தின் கம்பத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது. டெக்சாஸ் நீதிமன்றம் ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் போட்டது. வேடிக்கை பார்த்தவர் ஒருவர் எரிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் போய்த் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். அதுவும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 1989-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ஜான்சனை விடுவித்தது. எரிப்பதும் கருத்துச் சொல்வதுதான் என்றது. விடுவித்த ஐவரில் ஸ்காலியா ஒருவர். பழுத்த பழமைவாதி. தான் ராஜாவாக இருந்தால் கொடி கொளுத்துகிற, செருப்பு மாட்டிய பரட்டைத் தாடிக் கிறுக்கர்களையெல்லாம் உள்ளே தள்ளியிருப்பேன், என்ன செய்வது, நான் ராஜா இல்லையே என்று பிறகு மேடைக்கு மேடை சொல்லிவந்தார். நீதிபதிகள் தங்களுக்குப் பிடிக்காத தீர்ப்பை எழுதும் ஊரில்தான் இப்படிப் பேச முடியும்.

நாடாளுமன்றம் சும்மா விடவில்லை. அதே ஆண்டில் கொடிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே, அதை மீறுவதற்கென்றே சியாட்டிலில் கொடிகளை எரித்தார்கள். வாஷிங்டனில் நாடாளுமன்றப் படிக்கட்டிலும் எரித்தார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் தள்ளியது. 2025 ஆகஸ்ட் 25 அன்று டிரம்ப் கொடி எரிப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். மாலைக்குள் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வெள்ளை மாளிகைக்கு எதிரிலிருக்கும் பூங்காவில் கொடியைக் கொளுத்திக் கைதானார். அவர்மேல் சுமத்திய குற்றம், அனுமதியில்லாத இடத்தில் தீ மூட்டியது. கொடியைக் காக்க வந்த ஒவ்வொரு உத்தரவுக்கும் சில கொடிகள் பலியாகிக்கொண்டே இருக்கின்றன.

ஜான்சன் பிறகு என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் கிளீவ்லாண்டில் டிரம்ப் மாநாட்டுக்கு வெளியே மறுபடி கொடி கொளுத்தினார். கொளுத்தும்போது தன் உடுப்பிலேயே பற்றவைத்துக்கொண்டார், பக்கத்தில் நின்றவர்களையும் சுட்டுவிட்டார் என்று போலீஸ் சொல்லிக் கைது செய்தது. ஊர் சிரித்தது. வழக்கு நிற்கவில்லை. 2019-இல் நகர நிர்வாகம் 2,25,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. 1984-இல் அபராதமாகப் போட்ட 2,000 டாலருக்கு இது நல்ல வட்டி.

நம் பக்கத்துக் கதையில் கொடி எரியவே இல்லை. இந்தித் திணிப்பைக் கண்டித்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிப்போம் என்று பெரியார் அறிவித்தார். முதலமைச்சர் காமராஜர் இந்தி திணிக்கப்படாது என்று வாக்குறுதி கொடுக்க, போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தீக்குச்சி செலவில்லாமல் காரியம் நடந்தது. 1957 நவம்பரில் சாதியைக் காப்பாற்றும் அரசியல் சட்டப் பகுதிகளை எரிப்போம் என்று அறிவித்தபோது கதை வேறு. சென்னை மாநில அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்து மூன்றாண்டுச் சிறை என்றது. தண்டனை தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் காகிதத்தைக் கொளுத்திவிட்டுச் சிறைக்குப் போனார்கள். சிலர் சிறையிலேயே செத்தார்கள். மேலே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள்.

இன்று இந்தியா முழுக்க 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொது இடத்திலோ, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரித்தால் மூன்றாண்டு வரை சிறை. கூடவே இந்தியக் கொடி விதித்தொகுப்பும் இருக்கிறது. கிழிந்த, அழுக்கான கொடியை என்ன செய்வது என்று அது சொல்கிறது. தனிமையில், முழுதாக, கூடுமானால் எரித்துவிட வேண்டும். அமெரிக்கக் கொடி விதியும் கூடுமானால் எரிக்கத்தான் சொல்கிறது. அங்கே ஆண்டுதோறும் ஜூன் 14 கொடி நாளில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் பழைய கொடிகளைக் குவித்து, சல்யூட் அடித்து எரிக்கின்றன. கொமெய்ன் தொழிற்சாலை இரவுபகலாக அச்சடித்தாலும் அந்த முதியவர்களோடு போட்டி போட முடியாது என்பது என் யூகம்.

ஆகவே, சுதந்திர தினத்துக்கு வாசலில் கட்டிய கொடி நைந்துபோய் உங்கள் வீட்டில் இருந்தால் எரிப்பதுதான் முறை. மொட்டை மாடி வேண்டாம், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடம். 2021 கடைசியில் விதியைத் திருத்திப் பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டதால் உங்களுடையது கதராக இருக்காது. உருகும், சொட்டும், புகை மூக்கை அடைக்கும். கொல்லைப்புறத்தில், காற்று வரும் பக்கமாக நின்று, இரும்பு வாளியில் போட்டுக் கொளுத்துங்கள். இன்னொரு வாளியில் தண்ணீர் இருக்கட்டும். மதில்மேல் பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிந்தால் விதித்தொகுப்பின் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டிவரும், நகலெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.